இருநூற்றுப் பதினான்கு வரிக் கல்யாணம்

மண்ணூர்பேட்டை கஸ்தூரி எண்ணிப் பழகியவள். பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஒரு காயிலுக்கு எண்ணூற்று நாற்பது சுற்று. எந்திரத்தில் எண் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது. அதை நம்ப முடியாது என்பதால் மனசும் கூடவே எண்ணிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் பூந்தமல்லி ஜமீலா. காலை எட்டு மணிக்குத் திறந்த வாயை மதியச் சோற்றுக்குத்தான் மூடுவாள். அவள் பேச்சுக்கு 'உம்' கொட்டிக்கொண்டே எண்ணூற்று நாற்பதையும் பிசகாமல் எண்ணத் தெரிந்தவள் கஸ்தூரி.

அப்பேர்ப்பட்டவளுக்கு, எண்பத்தேழாம் வருஷம், எதையுமே எண்ணாத ஒரு மனிதரைக் கட்டிவைத்தார்கள். மணவாளன் கல்யாண வீடியோ எடுப்பவர். கேமராவைத் தோளில் ஏற்றிவிட்டால் பசி, நேரம், கேசட் எல்லாம் மறந்துபோகும். கிண்ணத்தில் இருக்கும் சந்தனத்தைக்கூட ஐந்து நிமிஷம் எடுப்பார். அவர் எடுத்துக் குவித்த பத்து மணி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டு டெக், ஒன்று ஓட, இன்னொன்று பதிய, இரண்டு கை விரல்களும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வேலை கஸ்தூரியிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

மணவாளனிடம் ஒரு வழக்கம் மட்டும் தவறாது. எந்தக் கேசட்டானாலும், பிரித்துப் போட்டதும் முதலில் பிள்ளையாரைத்தான் எடுப்பார். மண்டபத்துப் படமோ, தட்டில் பிடித்து வைத்த மஞ்சள் பிள்ளையாரோ, ஒன்றுமே கிடைக்காவிட்டால் பத்திரிகையில் அச்சடித்த பிள்ளையாரோ. அதன் பிறகுதான் மாப்பிள்ளை, பெண் எல்லாம். கஸ்தூரியும் அதற்கேற்ற மாதிரி பழகிக்கொண்டாள். கேசட்டைப் போடுவாள், பிள்ளையார் வருவார், கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அவர் போனதும் டெக்கின் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். அங்கிருந்துதான் அவளுக்குக் கணக்கு ஆரம்பம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள் அதைப் பற்றி யோசிப்பார்களா? அவளும் யோசித்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் மணவாளனின் சிநேகிதர் பாஸ்கரன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஐயப்பன்தாங்கலில் அவர் வீட்டில் கரண்ட் விளக்கு எரியவே போதவில்லை. அதனால் அதைக் கொண்டுவந்து இவர்கள் முன்னறையில் வைத்தார். படத்தை வெட்டுவதற்கென்றே அதில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஒயர். இத்தனாவது நிமிஷம், இத்தனாவது நொடி என்று தட்டினால், யாரும் தொடாமலே டெக் தானாகச் சுற்றி, அந்த இடத்தில் போய் நின்று, துண்டை எடுத்துக் கொடுக்கும். முதல்நாள் அதைப் பார்த்த கஸ்தூரி கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷமாகத் தன் விரல்கள் பட்ட பாட்டை நினைத்து அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறு வருஷம் ஜூன் மாதம் உலகநாதன் வந்தார்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. முப்பது வருஷமாக இரும்புச் சாமான்களை மைக்ரோமீட்டரில் பிடித்து, நூலிழை பிசகினாலும் தூக்கி ஓரமாக வைக்கிறவர். அவருடைய ஒரே பெண் வசந்தாவுக்குப் பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. மணவாளன்தான் வீடியோ, ஆறு கேசட். ஆனால் உலகநாதனுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, வலது கண்ணும் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இருக்கிறவரைக்கும் அந்தக் கண்ணை எதற்குச் செலவழிக்கலாம் என்று அவர் யோசித்திருக்கிறார். பெண்ணின் கல்யாணத்தைத் தானே பார்த்து, தானே பொறுக்கி வைக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

பன்னிரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, காலையில் வந்தால் வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். திரைக்கு ஒரு ஜாண் தள்ளி முகம். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும், கஸ்தூரி துடைப்பாள். கல்யாண வீடியோ என்றால் ஆள் ஆளாக வந்து மொய் எழுதுவதும், வரிசையாக நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவதும்தானே? அதில் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. வளையல் கையில் ஏறாமல் சிக்கிக்கொள்ள, வசந்தா சிரிக்கும் ஒரு சிரிப்பு. தாலி ஏறுவதற்கு முன் அவள் கழுத்தைச் சாய்க்கிற விதம். பந்தியில் தூங்கி விழும் ஒரு குழந்தை. "இங்க வெட்டு கண்ணு," என்பார். கஸ்தூரி வெட்டுவாள். "ஒரு மயிரிழ முந்திடுச்சி," என்பார். அவள் ஒரு ஃப்ரேம் தள்ளுவாள். அப்போதுதான் அவர் முகம் தெளியும்.

எண்கள் அவருக்கு ஒருதரம் பார்த்தால் போதும். மறுநாள் வந்து உட்காரும்போதே, மூன்றாவது கேசட்டில் பதினேழு நிமிஷம் நான்கு நொடியில் விட்டோம் என்று பார்க்காமலே சொல்வார். கஸ்தூரி நோட்டைப் புரட்டினால் அதேதான் எழுதியிருக்கும். தன்னைப் போல் எண்ணுகிற இன்னொரு ஜீவனை அவள் அதுவரை கண்டதில்லை. இரண்டாம் நாளே அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் முடிந்தபோது இருநூற்றுப் பதினான்கு துண்டு, நாற்பத்தெட்டு நிமிஷம். அடுத்த வாரம் ஒரு காலையில் அவர் எழுந்தபோது வலது கண்ணும் இருண்டிருந்தது.

சிக்கல் அதற்கப்புறம்தான். கம்ப்யூட்டரில் படம் துண்டு துண்டாக நன்றாகத்தான் ஓடியது. கேசட்டில் பதிய விட்டால் பன்னிரண்டாவது நிமிஷத்தில் திக்கும், நிற்கும். கஸ்தூரி ஒன்பது தரம் முயன்றாள், ஒன்பது தரமும் நின்றது. அந்தச் சமயம் பார்த்து பாஸ்கரனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைக் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். அவர்மேல் குற்றமில்லை, அவருடைய பொருள்.

மணவாளன், கேசட்டெல்லாம் பத்திரமாகத்தானே இருக்கிறது, இன்னொரு தரம் வெட்டினால் போச்சு என்றார். கஸ்தூரிக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை. கேசட்டில் இருப்பது கல்யாணம். கம்ப்யூட்டரில் இருப்பது உலகநாதனுடைய கண். முதலாவதை யார் வேண்டுமானாலும் மறுபடி வெட்டலாம், இரண்டாவது போனால் போனதுதான். பழைய இரண்டு டெக்கில் கையால் செய்தாலோ ஒவ்வொரு வெட்டும் அரை நொடி வழுக்கும். மயிரிழைக்கு முகம் சுளித்த மனிதருக்கு அரை நொடியை எப்படிக் கொடுப்பது?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜமீலாவின் அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். இப்போது அதை நடத்துவது ஜமீலாதான். அவளிடம் இருந்தது பெரிய மெஷின், வேறு சாஃப்ட்வேர். கஸ்தூரி போன் செய்து கேட்டாள். இந்த சாஃப்ட்வேரில் வெட்டிய வேலை அந்த சாஃப்ட்வேரில் திறக்காது, இரண்டும் இரண்டு வீட்டுப் பூட்டு என்று ஜமீலா முதலில் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். வெட்டுகளை மட்டும் வெறும் பட்டியலாக எழுதித் தரச் சொல்லி உன்னுடையதைக் கேள், அதை என்னுடையது படிக்கும்.

கஸ்தூரி கேட்டாள், அது எழுதிக் கொடுத்தது. இருநூற்றுப் பதினான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் எத்தனாவது கேசட், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்ற எண்கள் மட்டும். ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கி, அதிலும் முக்கால்வாசி இடம் மிச்சம். காகிதத்திலும் ஒரு பிரதி அச்சடித்துக்கொண்டாள். அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வசந்தா இல்லை, பூ இல்லை, ஓமப் புகை இல்லை, மேளம் இல்லை. ஆனாலும் எல்லாம் இதற்குள் இருக்கிறது என்கிறார்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் வழியில்லை.

புதன்கிழமை காலை ஆறு கேசட்டையும் பழைய புடவையில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, ஃப்ளாப்பியை டிபன் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். காந்தம் பட்டால் ஃப்ளாப்பியும் கேசட்டும் அழிந்துவிடும் என்று பாஸ்கரன் பயமுறுத்தியிருந்தார். பாதி வழியில் ஒருவர் கோயில் திருவிழாவுக்கு, உள்ளே காந்தம் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியோடு ஏறி, நேராக வந்து அவள் காலடியிலேயே வைத்தார். கிடைத்த ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு, கூடையை இடுப்பில் இடுக்கி, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவள் கடைசிப் படிக்கு ஓடியதைப் பஸ்ஸே வேடிக்கை பார்த்தது.

ஸ்டூடியோவில் உலகநாதனும் அவர் மனைவி பார்வதமும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். ஜமீலா ஃப்ளாப்பியைப் போட்டாள். பட்டியலை அவள் சாஃப்ட்வேர் மளமளவென்று படித்தது. பிறகு, முதல் கேசட்டைக் கொடு என்று கேட்டது. அவள் அதை முழுசாகப் பின்னால் சுற்றி, எண்ணைப் பூஜ்யமாக்கி விட்டாள். டெக் ஓடியது, நின்றது, எடுத்தது, மறுபடி ஓடியது. அடுத்த கேசட். இப்படி ஆறும் முடிய இரண்டு மணி நேரம். திரையில் இருநூற்றுப் பதினான்கு துண்டும் அதனதன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டன. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படத்தை ஓடவிட்டார்கள்.

உலகநாதன் முதலில் கேட்க வேண்டியது வளையல் சிரிப்பு. கேட்டது ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். அடுத்தது யாரோ தொண்டையைச் செருமுவது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். தாலி கட்டும் இடம் வந்தது. ஐயர், நாத்தனார் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் துண்டு முடிந்துபோயிற்று. கெட்டிமேளம் இல்லை.

"எல்லாம் முந்திக்கினு வருது கண்ணு," என்றார்.

கஸ்தூரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வசந்தா நிமிரப் போகிறாள், நிமிரவில்லை. தாய்மாமன் ஜாங்கிரியை வாய்வரைக்கும் கொண்டுபோகிறார், கடிக்கவில்லை. குழந்தை உதட்டைப் பிதுக்குகிறது, அழவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்து முடிந்த கல்யாணம் இங்கே இனிமேல் நடக்கப்போகிற கல்யாணமாக மாறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பதைபதைப்பிலும் ஒரு கணம் அவள் வாயைப் பிளந்தாள்.

ஜமீலா முதல் சிரிப்பைத் தேடிப் பிடித்து, பட்டியல் சொல்லும் இடத்துக்கு ஒன்பது நொடி தள்ளி அது இருப்பதாகக் கண்டுபிடித்தாள். எல்லாத் துண்டையும் ஒன்பது நொடி தள்ளினாள். முதல் கேசட் சரியாயிற்று. இரண்டாவது சரியாகவில்லை. அதற்குப் பதினான்கு நொடி கேட்டது. மூன்றாவதற்கு ஆறு போதும் என்றது. ஜமீலாவுக்குக் குழம்பிவிட்டது. பட்டியலே கெட்டுப்போயிருக்கும், இரண்டு மெஷினுக்கும் ஒத்துப்போகவில்லை, எதற்கும் புதிதாகவே வெட்டிவிடலாம் என்று மெல்லச் சொன்னாள்.

உலகநாதன் கையைத் துழாவிக் கஸ்தூரியின் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னாண்ட இன்னொரு கண்ணு இல்லம்மா," என்றார். குரலை உயர்த்தவில்லை. பார்வதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஸ்தூரி சும்மா இருக்க முடியாமல் எழுந்து, இரண்டாவது கேசட்டை எடுத்து, பின்னால் சுற்றி, டெக்கில் போட்டாள். மஞ்சள் பிள்ளையார் வந்தார். அவளுடைய வலது கை தன்பாட்டுக்குக் கன்னத்துக்குப் போயிற்று. பிள்ளையார் போனார். அதே கை தன்பாட்டுக்கு இறங்கிப் பூஜ்யம் ஆக்கும் பொத்தானுக்குப் போயிற்று. போய், பாதியில் நின்றது.

தன் கையையே அவள் பார்த்தாள். டெக்கின் எண்ணைப் பார்த்தாள். பதினான்கு.

அவசர அவசரமாக மூன்றாவதைப் போட்டாள். பிள்ளையார் ஆறு நொடி. நான்காவதில் இருபத்திரண்டு. ஐந்தாவதில் பதினொன்று. ஆறாவதில் மணவாளன் நிறுத்த மறந்துவிட்டு சோடா குடித்திருக்கிறார், பிள்ளையார் முப்பத்தொரு நொடி அசையாமல் இருந்தார். இத்தனை வருஷமாக அவள் பிள்ளையாரைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஜமீலா அவரையும் சேர்த்து முதலிலிருந்து எண்ணிவிட்டாள். எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. பட்டியல் நேர்மையானது, மெஷின் நேர்மையானது. இரண்டுக்கும் நடுவில் ஆறு பிள்ளையார்கள் தொந்தியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் விளங்கியதும் ஜமீலா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "காயில் சுத்தும்போதுகூட ஒண்ணு உட மாட்டியேடி. சாமியையே கழிச்சிட்டு எண்ணிக்கினு இருந்திருக்கியே," என்றாள். கஸ்தூரிக்கு வெட்கமாகிவிட்டது. உலகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. முதல் பிள்ளையார் எத்தனை நொடி என்று கேட்டார். ஒன்பது என்றதும், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஒவ்வொரு கேசட்டிலும் பிள்ளையார் போகும்வரை இந்தத் தடவை நான்கு பேரும் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகே ஜமீலா பூஜ்யத்தை அழுத்தினாள். சாயங்காலம் படம் ஓடியது. முதல் சத்தம், வசந்தாவின் சிரிப்பு. உலகநாதனின் தோள் குலுங்கியது. கெட்டிமேளம் அதனிடத்தில் வந்தது, மேளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வசந்தாவின் கழுத்து சாய்ந்தது. எங்கோ மண்ணூர்பேட்டையில் ஒரு மனிதர் கண்ணாடியில் மூச்சுப் படப் பொறுக்கி வைத்தது, வெறும் எண்ணாகிப் பஸ் ஏறி வந்து, பூந்தமல்லியில் ஒரு ஃப்ரேம் பிசகாமல் மறுபடி கல்யாணமாகிவிட்டது. இதைவிட ஆச்சரியம் ஒன்றை இனிமேல் பார்ப்போமா என்று கஸ்தூரி அப்போது நினைத்தாள்.

பார்த்தாள்.

ஆடி பிறந்து, வசந்தா தாய்வீட்டுக்கு வருகிற வாரம், முடிந்த கேசட்டைக் கொடுக்க ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனாள். பாஸ்கரனின் கம்ப்யூட்டர் ஹைதராபாத் போய்ச் சேர்ந்திருந்தது. உலகநாதன் வீட்டில் டிவி உண்டு, டெக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் வந்த பிறகு வாடகைக்கு எடுப்பதாகப் பார்வதம் சொன்னாள். உலகநாதன் கேசட்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பட்டியல் காகிதத்தைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். கஸ்தூரியின் பையில் அது மடித்தபடி இருந்தது.

"படி கண்ணு. அதுங்க வர்றதுக்குள்ள நானும் ஒரு தபா பாத்துக்கறேன்."

அவள் முதல் வரியைப் படித்தாள். ஒன்றாவது கேசட், இரண்டு நிமிஷம் பத்தொன்பது நொடி. "வளையல் சிக்கிக்கிச்சி, சிரிக்கிறா," என்றார். இரண்டாவது வரி. சித்தி மருதாணிக் கையை ஊதுகிறாள் என்றார். மூன்றாவது, நான்காவது. அவர் ஒன்றையும் யோசித்துச் சொல்லவில்லை. முன்னால் நடப்பதைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, கண்ணை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார். பார்வதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் படித்தது எண், அந்த அறையில் நடந்தது கல்யாணம். மெஷின் இல்லை, ஒயர் இல்லை, கரண்ட் இல்லை. ஓரிடத்தில் மட்டும் அவர் நிறுத்தி, மூன்றாவது கேசட்டில் அந்தக் குழந்தை யாருடையது என்று மனைவியைக் கேட்டார். அவள் சொன்னாள். மறுபடி தொடர்ந்தார்கள்.

இருநூற்றுப் பதினான்காவது வரி, ஆறாவது கேசட். நாற்பத்தொரு நிமிஷம் பத்து நொடியிலிருந்து நாற்பத்திரண்டு நிமிஷம் இரண்டு நொடிவரை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கார் புறப்படும் இடம் அது. வெட்டும்போது கஸ்தூரி பத்து நொடி போதும் என்று சொல்லியிருந்தாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"காரு கெளம்புது," என்றார் உலகநாதன். "திரும்பிப் பாக்கறா." பிறகு கையை லேசாகத் தூக்கினார். "வெட்டிடாத."

கஸ்தூரி காகிதத்தைத் தாழ்த்தினாள். பார்வதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முகம் மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டே போயிற்று, தெருக்கோடியில் போகிற எதையோ பார்ப்பதுபோல. கஸ்தூரி மனசுக்குள் எண்ணினாள். ஐம்பத்திரண்டு வந்தபோது அவர் கையை இறக்கினார்.